கடைவாய்ப் பல்லும் மஞ்சள் நோட்டீசும்

கழுத்து வரை கடன். நடுவில் லட்சக்கணக்கில் பல் வைத்தியம். எதை முதலில் பார்ப்பது? திருவக்கரை குவாரிச் சாலையிலிருந்து ஒரு கணக்கு.

விடிவதற்கு முன்பே டிப்பர்கள் கிரஷர் வாசலில் வரிசை கட்டிவிடுகின்றன. தார்ப்பாய் மடிப்புகளில் நேற்றைய ஜல்லித் தூள். எதிரே டீக்கடை பெஞ்சில் ஒருவர் வடைத் தட்டை நகர்த்திவிட்டு பன் கேட்கிறார். பன்னைப் பிய்த்து டீயில் முக்கி, இடப்பக்கமாகவே ஒதுக்கி, மெல்லாமல் நாக்கால் நசுக்கி விழுங்குகிறார். வலது கடைவாயில் கிராம்பு. சட்டைப் பையில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை அட்டை, பாதி காலி. போன் அடிக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசுகிறார். “பத்தாம் தேதிக்குள்ள போட்டுடுறேண்ணே... வண்டி ஓடுதுண்ணே, லோடுதான் இல்ல.” வீங்கிய கன்னத்தால் வார்த்தைகள் கொழகொழவென்று வருகின்றன. மறுமுனையில் இருப்பவர், ஆள் காலையிலேயே குடித்துவிட்டான் போல என்று நினைத்திருக்கலாம்.

இப்படி ஒரு வண்டிக்காரரையோ, லேத் பட்டறைக்காரரையோ, மகளிர் குழுவில் மூன்று கடன் வாங்கிய ஒரு அம்மாவையோ விழுப்புரம் மாவட்டத்தில் தேடி அலைய வேண்டாம். வலி பொறுக்க முடியாமல் கிளினிக்குக்குப் போனால், அங்கே சொல்லும் தொகை இன்னொரு கடனாகத்தான் வீட்டுக்கு வரும். போகாமல் விட்டால் வாய் கெட்டு, வேலை கெட்டு, கடன் அதுபாட்டுக்கு வளரும். நடுவே ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கடைசி வழி ஒன்று உண்டு: மஞ்சள் நோட்டீஸ். ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்துவிட்டுக் கையை விரிப்பது.

பல் வைத்தியம் தனியாக ஒரு குடும்பத்தைத் திவாலாக்குவது அபூர்வம். அதற்காக வாங்கும் கடனும், வாங்கும் நேரமும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. அதே வாயைக் கடனே இல்லாமல் சரிசெய்யும் வழி இங்கிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கிறது. அது தெரியாமல் போவதுதான் கொடுமை.

காளி, கல்மரம், கருங்கல்

வானூர் வட்டத்துத் திருவக்கரையை வெளியூர்க்காரர்கள் வக்கிரகாளியம்மனால் அறிவார்கள். பௌர்ணமி நள்ளிரவு ஜோதிக்குக் கூட்டம் அலைமோதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-ல் பூங்காவாக்கியது. சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது என்னவோ கருங்கல்தான். குவாரி, கிரஷர், ஜல்லி, எம்-சாண்ட், அதைச் சுமக்கும் டிப்பர்.

அந்தச் சோற்றில் அடுத்தடுத்து மண் விழுந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல், பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழையைக் கொட்டியது. ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் வந்தது. தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு அது ஆயில் மாற்றக் காணாது. மறு ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். குவாரி நின்றால் வண்டி நிற்கும். வண்டிக் கடனுக்கான டியூ மட்டும் நிற்காது.

ஒரு குடும்பம், நான்கு கடன், ஏழு பல்

கணக்குப் புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 48, சொந்தமாக ஒரு டிப்பர். வண்டிக் கடனில் பாக்கி 14 லட்சம், மாதம் 48,000 ரூபாய் கட்ட வேண்டும். மனைவி பெயரில் குழுக் கடன் பாக்கி 60,000. நகை அடகில் 1,20,000. புயலுக்குப் பிறகு இன்ஜின் வேலைக்காகத் தெரிந்தவரிடம் அஞ்சு வட்டிக்கு வாங்கிய 2 லட்சம். அசலைத் தொடாமல் வட்டி மட்டும் மாதம் 10,000. இரண்டு டியூ ஏற்கெனவே பவுன்ஸ்.

எட்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்க்கும்: ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு ஆறாது. கல் தூசு வேறு பல்லை அரம்போலத் தேய்க்கும். ஏழு பற்கள் ஆடுகின்றன, ஒன்றில் சீழ்.

டவுன் கிளினிக்கில் எக்ஸ்-ரே பார்த்துவிட்டு இரண்டு வழி சொல்கிறார்கள். ஆடும் பற்களைப் பிடுங்கி, கழற்றி மாட்டும் பல் வைத்தால் 15,000, 20,000-க்குள் முடியும். ‘ஃபிக்ஸட்’ வேண்டும், இம்ப்ளான்ட் வைத்து நிரந்தரமாகக் கட்ட வேண்டும் என்றால் 3 லட்சம். ஊருக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி இந்தத் தொகை ஏறும், இறங்கும். ‘கழற்றி மாட்டும் பல்’ என்றதுமே அவர் முகம் சுருங்குகிறது. அப்பா ராத்திரி டம்ளரில் பல்லைக் கழற்றிப் போட்டது ஞாபகம் வந்திருக்கும். அதற்குள் வரவேற்பறைப் பெண் ஒரு டேப்லெட்டோடு வந்துவிடுகிறார். “சார், வட்டியே கிடையாது. 12 மாசம். மாசம் 25,000தான். ஆதார் நம்பர் சொல்லுங்க.”

ஏற்கெனவே 58,000 ரூபாய் டியூவிலும் வட்டியிலும் போகிற வீட்டில், குழுக் கடன் தவணையையும் நகை வட்டியையும் சேர்க்காமலேயே, அது 83,000 ஆகிறது.

டேப்லெட்டில் ஒரு கையெழுத்து

கிளினிக்கில் கிடைக்கும் தவணை, டாக்டர் கொடுக்கும் கடன் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் மொத்தப் பணம் கிளினிக் கணக்குக்குப் போய்விடும். நோயாளி அந்த நிறுவனத்தின் கடனாளி. இம்ப்ளான்ட் என்பது ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை. எலும்புக்குள் இறக்கிய டைட்டானியம் திருகோடு எலும்பு பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் அது பிடிக்காமல் போகும் ஆபத்து கூடுதல். திருகு கழன்றாலும், பாதியில் கிளினிக்குக்குப் போவது நின்றாலும், தவணை நிற்காது.

ஆப், டேப்லெட் வழியாக வாங்கும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் விவரத் தாளைக் கடன் வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும். குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் மனம் மாறினால் அசலையும் அந்த நாள் வரைக்குமான வட்டியையும் திருப்பிக் கொடுத்து அபராதமில்லாமல் விலகலாம். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கி, வீட்டில் பேசி, தலை தெளிய ஒரு ராத்திரி போதும். அந்த ராத்திரியைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டாலோ, சேவையில் குறை இருந்தாலோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

காப்பீட்டு அட்டை வாய்க்குள் வராது

“அட்டை இருக்கே, அதுல பார்க்க முடியாதா?” கிளினிக்கில் அடிக்கடி விழும் கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. தாடை எலும்பு முறிந்தால், வாயில் புற்று வந்தால் அட்டை கைகொடுக்கும். வேர் சிகிச்சை, கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்று தனியார் கிளினிக்கில் வரும் பில்லுக்கு அதை நீட்ட முடியாது. தனியார் பாலிசிகளிலும் ஏறக்குறைய இதே கதை: விபத்தில் பல் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் வரும், தானாகச் சொத்தையானால் வராது. 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமோ, தொழிற்சாலைக்கு விளக்கம் எழுதும்போதே சுரங்கச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களை ஒதுக்கி வைத்தது. அந்த வரையறையில் கல் உடைப்பவர் வெளியே நின்றார்; சொந்த வண்டிக்காரர் எப்படிப் பார்த்தாலும் தொழிலாளர் கணக்கில் வர மாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி மனிதகுலம். இத்தனை பேருக்கு வரும் நோயை அழகுச் சமாச்சாரம்போல ஓரம் கட்டியிருப்பது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. கேரளம் 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு ‘மந்தஹாசம்’ என்ற பெயரில் இலவசப் பல் செட் கொடுக்கிறது. கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘தந்த பாக்ய’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். திட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தால் ஜனங்கள் கேட்டு வாங்குவார்கள். நம்மூரில் என்ன கிடைக்கும் என்பதை அரசு மருத்துவமனைப் பல் பிரிவின் வாசலில் நின்று கேட்டால்தான் தெரியும்.

*
பெட்டிச் செய்தி: இந்த அறிகுறி வந்தால் கடனை யோசிக்காதீர்கள்

கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, கழுத்துக்குப் பரவி, மூச்சுக்குழாயை நெரிக்கும் நிலை ஒன்று உண்டு. 1836-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயரால் அதை அழைக்கிறார்கள். தாடைக்கு அடியில் கல்போல வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, கூடவே காய்ச்சல் என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.
*

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால்

2016-ல் திவால் சட்டம் வந்ததே, அதில் தனிநபருக்கு வழி இல்லையா? ஏட்டில் இருக்கிறது. வருமானம் வருஷத்துக்கு 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லாதவர் என்றால் கடனை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று அதில் ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தனிநபர்களில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் அந்தச் சட்டத்தின் மற்றத் தனிநபர் விதிகள் பொருந்துகின்றன. டிப்பர்காரருக்கு இன்றைக்கும் 1920-ம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான். குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய் இருந்தால் மனுப் போடலாம் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்து 500.

மனு ஏற்கப்பட்டு ‘திவாலானவர்’ என்று உத்தரவானதும் சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ, அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியில்லாமல் தனித்தனியாக வழக்குப் போட்டு நெருக்க முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு கேட்டு உத்தரவு வாங்கலாம். கையில் இல்லாத பணத்துக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பும் இருக்கிறது. பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாதவரை அது காப்பாற்றாது.

நல்ல செய்தி அவ்வளவுதான். வண்டியை அடமானமாக வைத்திருக்கும் ஃபைனான்ஸ்காரரின் உரிமையை இந்த உத்தரவு தடுக்காது, டிப்பர் போய்விடும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானை யாரும் விடுவிக்க மாட்டார்கள். கடன் அவர் தலையில் விழும். செக் பவுன்ஸ் வழக்கு தனிப் பாதையில் ஓடும். மனைவியின் குழுக் கடன் மனைவி தலையிலேயே நிற்கும்; வாரத் தவணை நாளில் குழுப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நிற்கும் ஆசை இருந்தால் அதையும் மூட்டை கட்ட வேண்டும்.

பல் வைத்தியத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் உள்ள முடிச்சு இன்னும் நுணுக்கமானது. மனுவுக்கு முந்தைய நாட்களில் செய்யும் மூன்று காரியங்கள் பின்னால் கழுத்தில் சுற்றும்.

முதலாவது, சொத்தை மாற்றி எழுதுவது. ‘வைத்தியத்துக்குப் பணம் வேணும்’ என்று சொல்லிக் காலி மனையைத் தம்பி பெயருக்கு மாற்றினால், பின்னால் திவால் உத்தரவு வரும்போது, மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் நடந்த அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். உரிய விலைக்கு, நல்லெண்ணத்தோடு வாங்கியவர் தப்புவார். அன்பளிப்பாக வாங்கியவர் மாட்டுவார்.

இரண்டாவது, வேண்டியவருக்கு மட்டும் கடனை அடைப்பது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்குச் சலுகை காட்டும் எண்ணத்தோடு கொடுத்த பணம் கேள்விக்குள்ளாகும். இன்றைய வைத்தியத்துக்கு இன்றைக்குக் கொடுக்கும் பணம் வேறு. கிளினிக்கின் பழைய பாக்கியையோ மைத்துனரின் கைமாற்றையோ முந்திக்கொண்டு அடைப்பது வேறு.

மூன்றாவதில்தான் டேப்லெட் கையெழுத்து வருகிறது. கட்ட முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமலே வாங்கிய கடன் இருந்தால், கடனிலிருந்து முழு விடுதலை தரும் உத்தரவைக் கொடுக்க நீதிமன்றம் மறுக்க வேண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று என்று 42-வது பிரிவு சொல்கிறது. கட்ட முடியும் என்று நம்பியதற்கான ஆதாரத்தைக் கடன் வாங்கியவர்தான் காட்ட வேண்டும். இரண்டு டியூ பவுன்ஸ் ஆன மாதத்தில் 3 லட்சத்துக்குப் பல் தவணை போட்டவர் என்ன ஆதாரம் காட்டுவார்?

உத்தரவுக்குப் பிறகும் கவனம் வேண்டும். திவாலானவர் விடுதலை ஆகும்வரை, ‘நான் திவாலானவன்’ என்று சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. பல் டாக்டர் பெருந்தன்மையாக “மீதியை அடுத்த மாசம் குடுங்க” என்றாலும் அது கடன்தான்.

*
பெட்டிச் செய்தி: அமீனா தொடக் கூடாதவை

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாத பொருட்களைப் பட்டியலிடுகிறது. திவால் வழக்கிலும் இவை ரிசீவர் கைக்குப் போகாது. உடுத்தும் துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை. சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி. கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல். விவசாயி குடியிருக்கும் வீடு. கூலித் தொழிலாளியின் கூலி. சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். பல் செட் பட்டியலில் இல்லை. 1908-ல் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. எந்த அமீனாவும் வாயைத் திறக்கச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதுமில்லை.
*

எது ஆடம்பரம்?

1920 சட்டத்தின் அதே 42-வது பிரிவில் இன்னொரு காரணமும் இருக்கிறது: நியாயப்படுத்த முடியாத ஆடம்பர வாழ்க்கையால் திவாலானவருக்கு விடுதலை மறுக்கப்படலாம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய இந்த வரி குதிரைப் பந்தயத்தையும் சீட்டாட்டத்தையும் நினைத்து எழுதியது போலிருக்கிறது. இன்றைக்கு இம்ப்ளான்ட் அதில் வருமா?

என் கணிப்பு இது. மென்று சாப்பிடுவதற்காக வைத்த கழற்றி மாட்டும் பல்லை எந்த நீதிபதியும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார். வலிக்காகச் செய்த வேர் சிகிச்சைக்கும் அதே பதில்தான். மனுப் போடுவதற்கு முந்தைய மாதம், கடன் வாங்கி, வாய் முழுக்க நிரந்தரப் பல் கட்டியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதல் கேள்வியாக வைப்பார். பதில் சொல்ல முடியாது என்றில்லை. சொல்ல வேண்டி வரும்.

அமெரிக்காவில் இந்த விஷயம் தலைகீழாக ஓடுகிறது. அங்கே திவால் மனுவில் மருத்துவக் கடனும் பல் கடனும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகும்; மனுவுக்குச் சற்று முன் ஆடம்பரப் பொருளுக்காக வாங்கிய கடனைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இணையத்தில் அந்த ஊர் யோசனைகளைப் படித்துவிட்டு, ‘முதலில் பல்லைக் கட்டு, பிறகு ஐ.பி. கொடு’ என்று நம்மூரில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சட்டம் வேறு, 1920 வேறு.

பல் மருத்துவத்திலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. எல்லாப் பல்லையும் கட்டியாக வேண்டும் என்ற அவசியம் கிடையாது. ஆயுள் முழுக்க 20 இயற்கைப் பற்களாவது செயல்படும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையே உலக சுகாதார நிறுவனம் இலக்காக வைத்தது. கடைசிக் கடைவாய்ப் பல் இல்லாமலேயே சமாளிப்பவர்கள் ஏராளம். அதனால் டாக்டரிடம் ‘மொத்தம் எவ்வளவு’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘எந்த இடத்தில் நிறுத்தினால் கெடுதல் இல்லை’ என்பதை. சீழையும் வலியையும் முதலில் அடக்க வேண்டும். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு கழற்றும் பல்லோடு வருஷக்கணக்கில் நிற்கலாம். கடன் விவகாரம் முடிந்த பின் நிரந்தரப் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம். நிறுத்தக் கூடாத இடங்களும் உண்டு. ரூட் கேனால் செய்துவிட்டு கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பல் ஒருநாள் முறுக்குக் கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். போட்ட காசும் போய், பல்லும் போகும். கேப்புக்குப் பணம் இல்லை என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பஸ் பிடித்துப் போகும் தூரத்தில்

திருவக்கரையிலிருந்து புதுச்சேரி பக்கம்தான். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிலையமும் அங்கே இருக்கிறது. அரியூரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி. திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் இன்னொன்று. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. கிளினிக்கில் ஆயிரங்களில் பேசுவது அரசுக் கல்லூரி வளாகத்தில் இலவசமாகவோ பெயருக்கு ஒரு கட்டணத்திலோ முடியும். தனியார் கல்லூரிகளிலும் மாணவர்கள் பழக நோயாளிகள் தேவை என்பதால் கிளினிக்கை விடக் குறைவாகவே இருக்கும்.

கல்லூரியில் விலை வேறு ரூபத்தில் வரும். ஒரு பல் செட்டுக்குக் குறைந்தது ஐந்து நடை போக வேண்டும். முதல் நாள் தட்டில் பசை குழைத்து வாயில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். மேலண்ணத்தில் அது இறுகும்வரை மூக்கால் மூச்சுவிட வேண்டும், குமட்டும். அடுத்து நுணுக்கமான அச்சு. பிறகு மெழுகுக் கட்டையைக் கடிக்கவைத்து மேல்தாடை, கீழ்த்தாடை அளவு. நாலாம் நாள் மெழுகில் பதித்த பல்லை வாயில் வைத்துக் கண்ணாடி காட்டுவார்கள். பல் வரிசையும் நிறமும் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அக்ரிலிக்கான பின் மாற்ற முடியாது. ஐந்தாம் நாள் பல் கைக்கு வரும். உறுத்துகிறது என்று திரும்பப் போகும் நடைகள் தனி. மாணவர் கையில் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படியையும் பேராசிரியர் வந்து பார்க்க வேண்டும். டிப்பர்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் லோடு. பிடுங்கவும் சுத்தம் செய்யவும் போகும் நடைகளைச் சேர்த்தாலும், ஏழு நாள் வருமானத்தையும் 3 லட்சத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நடைகளைக் குறைக்கவும் வழியுண்டு: பிடுங்குவது, சுத்தம் செய்வது இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

“பல்லு கட்டக் காசு இருக்கு”

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். கடனாளிக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். பல் இல்லாத வாயோடு புது லோடு பேசப் போனால் காண்டிராக்டர் முகத்தைப் பார்க்கிறார். பல் கட்டிக்கொண்டு வந்தால் கடன்காரர் பார்க்கிறார். “எனக்குத் தரக் காசு இல்ல, பல்லு கட்டக் காசு இருக்கு” என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் அந்த மனிதர் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வர மாட்டார். பெண்கள் இன்னும் மோசமாக மாட்டுகிறார்கள். வீட்டில் பணம் சுருங்கும்போது முதலில் ஒத்திப்போடப்படுவது அம்மாவின் பல்தான். குழுக் கூட்டத்தில் முந்தானையால் வாயை மூடிப் பேசும் பழக்கத்தில் பாதி கூச்சம், பாதி கடன்.

கேட்பவருக்கும் எல்லை உண்டு. குழுக் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வீட்டு வாசலுக்கு வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் கடனில், எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் 2022 முதல் விதிதான். மிரட்டல் வசூலைத் தண்டிக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அஞ்சு வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் வரும். மூன்று வருஷம் வரை சிறை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது 14. சட்டம் இருப்பதும் கிராமத்தில் அதை எடுத்துப் பேச ஆள் இருப்பதும் வேறு வேறு.

நமது கற்பனைக் குடும்பத்துக்கு வருவோம். அவருக்கு முதல் வேலை கோரிமேடு, இரண்டாவது வேலை கடன் பட்டியல்: யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, யார் ஜாமீன். அஞ்சு வட்டிக் கடனுக்குக் கொடுத்த வெற்றுப் பாண்டு, கையெழுத்திட்ட செக் இருந்தால் அதன் விவரம். ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கும் முன் தானே விற்று அடைக்க முடியுமா என்று பேசிப் பார்ப்பது நல்லது. தூக்கிய வண்டி ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும். ஐ.பி. அதற்கெல்லாம் பிறகு. திவால் மனுவில் சொத்து, கடனில் ரூபாய்க்கு 50 காசுகூடத் தேறவில்லை என்றால், அது தன் தவறால் வந்ததல்ல என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். ஃபெஞ்சலில் மூழ்கிய வண்டியின் பட்டறை பில், வேலைநிறுத்த மாதத்து வங்கிக் கணக்கு, சர்க்கரைக்கும் பல்லுக்கும் போன ஓ.பி. சீட்டுகள் எல்லாம் அங்கே சாட்சி. கிளினிக் எழுதிய துண்டுச் சீட்டு போதாது. ரசீது வேண்டும், தேதியோடு.

வக்கீல் ஃபீசுக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழு. வேலை நாளில், ஆதாரும் கடன் பட்டியலும் ஓ.பி. சீட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.